2 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், மாலை வகுப்புப் பிள்ளைகள்: எந்த டெஸ்க்டாப் சூழல் போடலாம்?

மாலைப்பள்ளி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருப் பிள்ளைகள் பதினெட்டுப் பேருக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டுத் திண்ணையிலும் முன்னறையிலும் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து கணினிகள் சேர்ந்துவிட்டன. இரண்டு, என்னிடம் படித்த பிள்ளைகள் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்புகள். வேலைக்குப் போனதும் "டீச்சர், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டார்கள். டூயல் கோர் செலரான், 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். இன்னும் இரண்டு, ஓர் அலுவலகம் காலி செய்தபோது கிடைத்த கோர் 2 டுவோ டெஸ்க்டாப்புகள், அவற்றிலும் 2 ஜிபிதான். ஐந்தாவது ஒரு குட்டி நெட்புக், ஆட்டம் என்270, 1 ஜிபி ரேம்.

லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தது. பக்கத்து டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன், விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தார்கள். ஸ்டார்ட் மெனு திறக்கவே அரை நிமிடம் ஆகிறது, டிஸ்க் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. இப்போது விண்டோஸ் 10க்கும் ஆதரவு முடிந்துவிட்டது. அண்ணன் மகன் வந்திருந்தபோது உபுண்டு லினக்ஸ் போட்டுப் பார்த்தான், அழகாகத்தான் இருந்தது, ஆனால் ஃபயர்பாக்ஸ் திறந்து மூன்றாவது டேப் போனதும் மவுஸ் அப்படியே உறைந்துவிட்டது.

எங்களுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. தமிழ் 99 விசைப்பலகை முறையில் பிள்ளைகள் தட்டச்சு பழக வேண்டும், லிப்ரே ஆபீஸ் வேண்டும், பாடநூல் பிடிஎஃப் திறக்க வேண்டும், அறிவியல் பாட வீடியோ யூடியூபில் ஓட வேண்டும். லினக்ஸுக்கான டெஸ்க்டாப் சூழல்கள் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்டிஇ, எல்எக்ஸ்க்யூடி, மாட்டே என்று படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது, ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். ஐந்துக்கும் ஒரே மாதிரி போட்டால் சொல்லிக்கொடுக்க எனக்கு எளிது. என்ன செய்யலாம்?

---

டெபியன்காரன்

வணக்கம் டீச்சர். முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் நானே இரண்டு வருடம் டெஸ்க்டாப் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கணினியை உறைய வைத்தது டெஸ்க்டாப் சூழல் மட்டும் இல்லை, அதற்கு மேல் திறந்த பிரவுசர். டெஸ்க்டாப் சூழல் என்றால் கீழே இருக்கும் பேனல், மெனு, கோப்பு மேலாளர், ஜன்னல்களை நகர்த்தும் விண்டோ மேனேஜர், பின்னணியில் ஓடும் நாலைந்து சின்னச் சின்ன சேவைகள், எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பு. இதைக் கனமானதிலிருந்து லேசானதாக மாற்றினால் உங்களுக்கு மிச்சமாவது சில நூறு எம்பி. யூடியூபின் ஒரு டேப் மட்டுமே அந்தச் சில நூறு எம்பியைத் தின்றுவிடும்.

அதற்காக டெஸ்க்டாப் எதுவானாலும் ஒன்றுதான் என்று சொல்லவில்லை. 8 ஜிபி இருப்பவருக்கு 500 எம்பி கணக்கே இல்லை, 2 ஜிபியில் அது கால் பங்கு. என்னிடம் இருக்கும் பழைய லேப்டாப்பில் ஒன்றும் திறக்காமல் பார்த்தபோது உபுண்டுவின் க்னோம் டெஸ்க்டாப் 1 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொண்டது, டெபியன் என்ற லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ 550 எம்பி பக்கம், எல்எக்ஸ்க்யூடி 450 பக்கம், ஆன்டிஎக்ஸ் என்ற லேசான லினக்ஸ் தரும் ஐஸ்டபிள்யூஎம் 250க்குள். உங்கள் கணினியில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். நீங்கள் அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: லினக்ஸ் காலியாகக் கிடக்கும் ரேமை டிஸ்க் கேஷாகப் பயன்படுத்திக்கொள்ளும், அதனால் 'ஃப்ரீ' என்ற எண் எப்போதும் பயமுறுத்தும். 'அவைலபிள்' என்று பக்கத்தில் ஒரு எண் இருக்கும், அதுதான் உண்மையில் கையில் இருப்பது.

உங்களுக்கு என் சிபாரிசு டெபியனும் எக்ஸ்எஃப்சிஇயும். எக்ஸ்எஃப்சிஇ 1996இல் தொடங்கியது, இன்றும் அவசரப்படாமல் வளர்கிறது, 4.18 வந்தது 2022 டிசம்பரில், 4.20 வந்தது 2024 டிசம்பரில், நடுவே சரியாக இரண்டு வருடம். இடையில் பிள்ளைகள் பழகிய மெனுவைப் பிடுங்கி வேறு இடத்தில் வைக்கமாட்டார்கள். பாடம் நடத்துபவருக்கு அது பெரிய விஷயம். பேனலைக் கீழே இறக்கி, ஸ்டார்ட் மெனு போன்ற விஸ்கர் மெனுவைப் போட்டுவிட்டால் விண்டோஸ் 7 பார்த்த பிள்ளைக்கு அன்றைக்கே கை பழகிவிடும். போட்டவுடன் செய்ய வேண்டியது ஒன்றுதான், அமைப்புகளில் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' போய் காம்போசிட்டரை அணைத்துவிடுங்கள். ஜன்னலுக்கு நிழல் போகும், ஆனால் அந்தக் கோர் 2 டுவோவின் பழைய இன்டெல் கிராபிக்ஸுக்கு மூச்சு வரும்.

டெஸ்க்டாப்பை முடிவு செய்யும் முன்னால் அந்த அணையாத டிஸ்க் விளக்கைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டிய ஹார்டு டிஸ்க். பென் டிரைவில் லைவ் லினக்ஸ் ஏற்றி, 'டிஸ்க்ஸ்' என்ற கருவியில் ஸ்மார்ட் தகவலைத் (டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைப்பது) திறந்து, கெட்ட இடங்களைக் கணக்கிடும் 'ரீஅலோகேட்டட் செக்டர்', 'பென்டிங் செக்டர்' இரண்டிலும் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் நிம்மதி. பென்டிங்கில் பத்தோ இருபதோ இருந்தால் எந்த டெஸ்க்டாப் போட்டாலும் இதே உறைதல்தான்.

---

பழசுபெட்டி

மேலே நண்பர் சொன்னதில் முக்கால்வாசிக்கு நான் சம்மதம், எக்ஸ்எஃப்சிஇ விஷயத்தில் மட்டும் இல்லை. லேப்டாப் இரண்டுக்கும் எல்எக்ஸ்க்யூடி போடுங்கள் டீச்சர். 100 எம்பி வித்தியாசம்தானே என்று தோன்றும், ஆனால் 2 ஜிபியில் ரேம் நிரம்பி, மிச்சத்தை ஹார்டு டிஸ்க்கில் தள்ளி வைக்கத் (ஸ்வாப்) தொடங்கும் அந்த விளிம்பில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த விளிம்புக்கு இந்தப் பக்கம் கணினி ஓடும், அந்தப் பக்கம் மவுஸ் உறையும். 100 எம்பி என்பது லிப்ரே ஆபீஸில் இன்னொரு கோப்பைத் திறக்கலாமா கூடாதா என்ற கேள்வி.

உங்களுக்குத் தலை சுற்றியதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். வலையில் இருக்கும் கட்டுரைகளில் பாதி பழையவை. "லேசாக வேண்டுமா, லுபுண்டு போடு, அதில் எல்எக்ஸ்டிஇ இருக்கிறது" என்று எழுதியிருப்பார்கள். உபுண்டுவின் லேசான வகையான லுபுண்டு 2018 அக்டோபரில் வந்த 18.10 பதிப்பிலேயே எல்எக்ஸ்க்யூடிக்கு மாறிவிட்டது. எல்எக்ஸ்டிஇயை 2006இல் தைவான்காரர் ஒருவர் தொடங்கினார். அது ஜிடிகே 2 என்ற பழைய கருவித்தொகுப்பின் மேல் கட்டியது, அந்தத் தொகுப்புக்கு இப்போது பராமரிப்பு இல்லை. அதனால் அவரே க்யூடி என்ற வேறு கருவித்தொகுப்பின் பக்கம் போனார், ரேசர் க்யூடி என்ற இன்னொரு குழுவும் சேர்ந்துகொண்டது, 2014இல் எல்எக்ஸ்க்யூடி என்று முதல் வெளியீடு வந்தது. டெபியனில் எல்எக்ஸ்டிஇ இன்னும் கிடைக்கிறது, நன்றாகவே ஓடும், ஆனால் புதிதாகப் போடுபவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். மாட்டே, 2011இல் க்னோம் 3 வந்தபோது அது பிடிக்காதவர்கள் க்னோம் 2ஐப் பிரித்து எடுத்து வளர்த்தது. நல்ல டெஸ்க்டாப், 4 ஜிபி இருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

சரி, நெட்புக்குக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற நான்கைப் போல அதையும் நினைத்து டெபியன் 13 தரவிறக்கி ஏமாந்துவிடுவீர்கள். ஆட்டம் என்270 வெறும் 32 பிட் ப்ராசஸர், 64 பிட் மென்பொருள் அதில் ஓடாது. டெபியன் 13 வந்தபோது (2025 ஆகஸ்ட்) 32 பிட் கணினிகளுக்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டார்கள். உபுண்டு குடும்பம் 2019லேயே நிறுத்திவிட்டது. ஃபயர்பாக்ஸும் 144ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. ஆக அந்த நெட்புக்குக்கு டெபியன் 12, அல்லது அதன் மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23. ஆன்டிஎக்ஸில் முழு டெஸ்க்டாப் சூழலே கிடையாது, ஐஸ்டபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜரும் ஒரு கோப்பு மேலாளரும்தான். 1 ஜிபியில் அது பறக்காது, ஆனால் நடக்கும். அதில் யூடியூப் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தட்டச்சு பழகவும் பிடிஎஃப் படிக்கவும் மட்டும் ஒதுக்கி வையுங்கள், அந்த வேலைக்கு அது இன்னும் நாலு வருடம் உழைக்கும்.

ஐந்துக்கும் ஒரே மாதிரி வேண்டும் என்ற ஆசையை அந்த ஒன்றுக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள்.

---

யாழ்விசை

வணக்கம் ரீச்சர், யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். ஒரு சனசமூக நிலையத்தில் பழைய கணினிகள் ஆறை இப்படித்தான் ஒப்பேற்றி வைத்திருக்கிறோம். மேலே இருவரும் டெஸ்க்டாப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், தமிழைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு முதல் வேலையே அதுதானே.

லேசான சூழல்களில் தமிழ் உள்ளீடு தானாக வந்து நிற்காது. க்னோமில் அமைப்புகளுக்குள் போய்த் தமிழைச் சேர்த்தால் முடிந்தது, பிறமொழித் தட்டச்சுக்கான ஐபஸ் என்ற மென்பொருள் அங்கே கூடவே வருகிறது. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி, ஐஸ்டபிள்யூஎம் மூன்றிலும் நீங்கள்தான் ஐபஸையும், தமிழ் விசை விதிகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் நிறுவ வேண்டும். பிறகு டெபியனில் 'ஐஎம் கான்ஃபிக்' என்ற சிறு கருவியைத் திறந்து ஐபஸைத் தெரிவு செய்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். ஐகான் தெரியும், தமிழ் 99 என்று காட்டும், ஆனால் லிப்ரே ஆபீஸில் ஆங்கிலம்தான் விழும். எங்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கிறதே, ஐபஸ் எதற்கு, ரேம் மிச்சம் பிடிக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நானும் முயன்றேன். அது வெறும் விசைக்கு ஓர் எழுத்து என்ற அளவில்தான் வேலை செய்கிறது. தமிழ் 99இன் அழகே, 'அம்மா' அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே விசை தட்டினால் நடுவில் புள்ளி தானாக விழுவதுதான். அந்த அறிவு எம்17என்னில் இருக்கிறது, வெறும் விசைப்பலகை அமைப்பில் இல்லை. பிள்ளைகள் சரியான முறையைப் பழக வேண்டும் என்றால் ஐபஸ் எடுத்துக்கொள்ளும் சில பத்து எம்பிக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

எழுத்துருவுக்கு லோஹித் தமிழும் நோட்டோ சான்ஸ் தமிழும் போதும். ஒன்றே ஒன்றை எச்சரிக்கிறேன்: லேசு லேசு என்று போய் மிகப் பழைய கருவிகளில் விழுந்துவிடாதீர்கள். எக்ஸ்டெர்ம் என்ற முனையத்தில் 'கொடி' என்று எழுதிப் பாருங்கள், கொம்பு 'க'வுக்கு முன்னால் வராமல் தனியே கிடக்கும். பிள்ளை அதைப் பார்த்துவிட்டுத் தான் தப்பாக அடித்ததாக நினைத்து அழித்து அழித்து அடிக்கும். எங்கள் நிலையத்தில் ஒரு சிறுமி கால் மணி நேரம் அப்படி அடித்துக்கொண்டிருந்தாள், கிட்டப் போய்ப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது. எக்ஸ்எஃப்சிஇயின் மவுஸ்பேட் எடிட்டரிலும் எல்எக்ஸ்க்யூடியின் ஃபெதர்பேட் எடிட்டரிலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

உங்களிடம் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்த வினாத்தாள்கள் இருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுக் கொடுங்கள். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் திறக்கும்.

---

திருகாணி

டீச்சர், நான் பழைய கணினி பழுது பார்ப்பவன், மென்பொருள் அவ்வளவாகத் தெரியாது, அதனால் வன்பொருளோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்களிடம் கொஞ்சம் பணம் இருந்தால் எங்கே போட வேண்டும் என்று கேட்டால், முதலில் எஸ்எஸ்டி, அப்புறம்தான் ரேம். சின்னது போதும், 120 ஜிபி. அரசு லேப்டாப்பில் பின் மூடியைக் கழற்றி டிஸ்க்கை உருவி இதைச் செருகினால் பத்து நிமிட வேலை. பழைய மதர்போர்டு முழு வேகம் தராது, தராவிட்டால் போகிறது. ஹார்டு டிஸ்க்கில் ஊசி அங்குமிங்கும் அலைந்து தேடும் நேரம்தான் உங்களைக் கொல்கிறது, எஸ்எஸ்டியில் அது கிடையாது.

ரேம் வாங்கும்போது கவனம். கோர் 2 டுவோவுக்குப் பெரும்பாலும் டிடிஆர் 2 வேண்டும். இணையத்தில் 4 ஜிபி டிடிஆர் 2 ஸ்டிக் மலிவாகக் கிடைக்கும், விளம்பரத்தின் மூலையில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று போட்டிருக்கும். அது உங்கள் இன்டெல் போர்டில் எழவே எழாது, பீப் சத்தம்தான் வரும். 2 ஜிபி ஸ்டிக் இரண்டாகத் தேடுங்கள். சென்னை வந்தால் ரிச்சி தெருவில் பழைய ஸ்டிக் கிடைக்கும், ஆனால் கடையிலேயே போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லேப்டாப்பில் டிடிஆர் 3. பெரும்பாலும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலியாக இருக்கும், கழற்றிப் பாருங்கள்.

இன்னொன்று. இத்தனை வயதான டெஸ்க்டாப் என்றால் போர்டில் கடிகாரத்தை ஓட்டும் நாணய பேட்டரி செத்திருக்கும். சிஆர்2032 என்று கேளுங்கள், எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

---

மாலைப்பள்ளி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததை அப்படியே சொல்கிறேன், என்னைப் போல் வேறு யாராவது தேடி வந்தால் பயன்படட்டும்.

முதலில் டிஸ்க் சோதனை. லேப்டாப் ஒன்றில் எல்லாம் பூஜ்யம். இன்னொன்றில் பென்டிங் செக்டர் 48. விண்டோஸ் 10இல் விளக்கு அணையாத லேப்டாப் அதுதான்! அதற்கும் ஒரு டெஸ்க்டாப்புக்குமாக இரண்டு எஸ்எஸ்டி வாங்கினேன், பழைய மாணவர்கள் நால்வர் சேர்ந்து பணம் போட்டார்கள்.

டெஸ்க்டாப்பில் டெபியன் 13 போடும்போது ஒரு விசித்திரம். நிறுவல் பாதியில் நின்று, தொகுப்புப் பட்டியல் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று ஒரு பிழை. நான் பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை எழுதினேன். அப்புறம் திருகாணி அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்து பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் தேதி 2009 ஜனவரி 1. கணினி 2009இல் நிற்கிறது, 2025இல் வந்த தொகுப்பை எப்படி ஏற்கும்! முப்பது ரூபாய் பேட்டரி, தேதியைத் திருத்தினேன், ஒரே மூச்சில் நிறுவி முடித்துவிட்டது. அதே கணினியில் இதற்கு முன் எந்த வலைத்தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்று வந்துகொண்டிருந்தது, அதற்கும் இதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது.

எக்ஸ்எஃப்சிஇயா எல்எக்ஸ்க்யூடியா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை, எஸ்எஸ்டி போட்ட டெஸ்க்டாப்பில் டெபியன் இன்ஸ்டாலரிலேயே இரண்டையும் டிக் செய்துவிட்டேன். உள்நுழையும் திரையில் ஒரு மூலையில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் ஒரு வாரம் விட்டேன். பெரிய பிள்ளைகளுக்கு எதுவானாலும் சரி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எக்ஸ்எஃப்சிஇயைத்தான் கேட்டார்கள், ஐகான் பெரிதாக வைக்க முடிந்தது ஒரு காரணம், விஸ்கர் மெனுவில் ஒரு எழுத்தைத் தட்டினாலே தேடித் தருவது இன்னொரு காரணம். ஆக டெஸ்க்டாப் இரண்டுக்கும் எக்ஸ்எஃப்சிஇ. லேப்டாப்புக்கு பழசுபெட்டி சொன்னபடி எல்எக்ஸ்க்யூடி. நெட்புக்கில் ஆன்டிஎக்ஸ் 23. அது எழுந்து நிற்க ஒன்றரை நிமிடம் ஆகிறது, எழுந்த பிறகு தட்டச்சுக்குத் தாமதமே இல்லை. ஐஎம் கான்ஃபிக் விஷயம் சொல்லியிருக்காவிட்டால் எனக்கும் ஒரு ஞாயிறு போயிருக்கும்.

மிச்சம் இரண்டு பிரச்சனை. ஒன்று, எஸ்எஸ்டி போடாத லேப்டாப்பில் வீடியோ 720இல் திணறுகிறது, விசிறி கத்துகிறது. இரண்டு, பிள்ளைகள் பேனலைப் பிடித்து இழுத்து மேலே கொண்டுபோய்விடுகிறார்கள், ஒருநாள் பேனலையே அழித்துவிட்டார்கள், நான் பாடத்தை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

---

டெபியன்காரன்

டீச்சர், படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. பிள்ளைகளிடம் விட்டு முடிவெடுத்தது நாங்கள் இங்கே உட்கார்ந்து வாதாடுவதைவிடச் சரியான வழி. ஒரு சின்ன விஷயம் மட்டும், இரண்டு சூழலையும் சேர்த்தே வைத்திருந்தால் ஒன்றின் பின்னணிச் சேவை மற்றொன்றிலும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும், பவர் மேனேஜர் இரண்டு ஐகானாகத் தெரிவது அதனால்தான். முடிவு ஆகிவிட்டதால் எல்எக்ஸ்க்யூடியை அந்த டெஸ்க்டாப்பிலிருந்து நீக்கிவிடுங்கள்.

வீடியோவுக்கு: யூடியூப் இப்போது முடிந்தவரை விபி9 அல்லது ஏவி1 வடிவத்தில்தான் அனுப்புகிறது. அவை இணையத்தில் இடம் மிச்சம் பிடிக்கும், ஆனால் பிரிக்க அதிகக் கணக்குப் போட வேண்டும். உங்கள் செலரான் சிப்பில் அந்த இரண்டுக்கும் வன்பொருள் உதவி இல்லை, முழு வேலையும் ப்ராசஸர் தலையில். பழைய எச்.264 வடிவம் அப்படி இல்லை. எச்264ஐஃபை என்று ஒரு சின்ன நீட்சி இருக்கிறது, அதைப் போட்டால் யூடியூப் எச்.264 மட்டும் அனுப்பும். கூடவே யூபிளாக் ஆரிஜின் போடுங்கள், விளம்பரங்கள் போனாலே டேப்பின் எடை குறையும். வீடியோவை கிராபிக்ஸ் சிப்பே பிரிக்க உதவும் ஐ965 என்ற விஏஏபிஐ டிரைவர் தொகுப்பையும் நிறுவுங்கள், இன்டெல் கிராபிக்ஸில் ஃபயர்பாக்ஸ் அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். அந்தத் திரைக்கு 480 போதும், பின் வரிசைப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. கோப்பாகவே கையில் இருக்கும் வீடியோவைப் பிரவுசரில் திறக்காதீர்கள், எம்பிவி என்ற வீடியோ பிளேயரில் திறங்கள். பாடநூல் பிடிஎஃப்பும் அப்படித்தான், மியூபிடிஎஃப் என்று ஒன்று இருக்கிறது, அதில் பக்கம் புரட்டுவது புத்தகம் புரட்டுவது போல இருக்கும்.

லேப்டாப் இரண்டிலும் இசட்ராமைப் போட்டுவிடுங்கள், டெபியனில் இசட்ராம் டூல்ஸ் என்ற தொகுப்பு. ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கி வைக்கும் ஸ்வாப்பாக மாற்றிக்கொள்ளும், அதனால் ரேம் நிரம்பும்போது உள்ளவற்றை ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ மடித்து வைத்துக்கொள்ளும். ப்ராசஸருக்குக் கொஞ்சம் வேலைதான், ஆனால் அந்த வேலை டிஸ்க் சுழன்று தேடுவதைவிடப் பல மடங்கு வேகம். அமைப்புக் கோப்பில் சதவீதம் 50 என்று வையுங்கள். மவுஸ் உறைவது இதிலேயே பெரும்பாலும் போய்விடும்.

---

பழசுபெட்டி

பேனல் விஷயத்தை நான் சொல்கிறேன், என் தம்பி பிள்ளைகளால் நானும் பட்டிருக்கிறேன். எக்ஸ்எஃப்சிஇயில் பேனல் அமைப்புகளுக்குள் 'லாக் பேனல்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் செய்தால் இழுக்க முடியாது. அழிப்பதை அது தடுக்காது. அதற்கு ஒரே வழி, எல்லாம் சரியாக அமைத்த அன்றே வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'கான்ஃபிக்' கோப்புறைக்குள் போய் எக்ஸ்எஃப்சிஇயின் பகுதியை அப்படியே ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைப்பது. கலைந்துவிட்டால், வேறு கணக்கில் நுழைந்து அந்த நகலைத் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி உள்நுழைந்தால் போதும். எல்எக்ஸ்க்யூடியிலும் இதே போல ஒரு கோப்புறை உண்டு. நிர்வாகி கணக்கு உங்களிடம் தனியாக இருக்கட்டும், பிள்ளைகளுக்கு வேறு கணக்கு.

எக்ஸ்எஃப்சிஇக்குப் பிள்ளைகள் ஓட்டுப் போட்டதை ஏற்றுக்கொள்கிறேன் டீச்சர். இசட்ராம் போட்ட பிறகு லேப்டாப்பிலும் ஒருமுறை எக்ஸ்எஃப்சிஇயை ஓட்டிப் பாருங்கள், மூன்று டேப்பும் லிப்ரே ஆபீஸும் திறந்து வைத்து 'அவைலபிள்' எண் 300 எம்பிக்குக் கீழே இறங்காவிட்டால் நான்கிலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் கேட்டதே ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றுதானே.

---

மாலைப்பள்ளி

இசட்ராமும் எச்264ஐஃபையும் நேற்று போட்டேன். ஒளிச்சேர்க்கை வீடியோ 480இல் நிற்காமல் ஓடியது, விசிறி அடங்கிவிட்டது. எக்ஸ்எஃப்சிஇயில் மூன்று டேப், ஒரு ரைட்டர் கோப்பு, ஐபஸ் எல்லாம் திறந்து வைத்துப் பார்த்தேன், 'அவைலபிள்' 410 எம்பி காட்டியது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு லேப்டாப்பையும் மாற்றிவிடுகிறேன், பென் டிரைவில் நகலோடு.